காலையில் வோட்டா, மதியம் வாடர்

இருபத்திரண்டு வயதில் எனக்கு இரண்டு வேலைகள் இருந்தன. இரண்டு வாய்களும் இருந்தன. காலையில் ஒரு வாய், மதியத்துக்கு மேல் இன்னொரு வாய். ஏற்காட்டில் யாருக்கும் இது தெரியாது. தெரிந்துவிடுமோ என்ற பயத்திலேயே எனக்கு ஒன்றரை வருஷம் போயிற்று.

எழுபதுகளின் கடைசி அது. சேலத்தில் பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு மலைக்குத் திரும்பி, ஏரிக்கரையில் அப்பா வைத்திருந்த கடையில் மப்ளர் மடித்துக்கொண்டிருந்தேன். மப்ளர், மங்கி குல்லா, மிளகு, காப்பித்தூள் எல்லாம் அங்கே கிடைக்கும். அப்பாவின் வாய் கிடைப்பதுதான் அந்தக் கடையின் விசேஷம். பெங்களூர்க்காரர்கள் வந்தால் கன்னடம் பேசுவார், கேரளக் குடும்பம் வந்தால் மலையாளம். எந்தப் பாஷையிலும் அவருக்குப் பத்து வாக்கியத்துக்கு மேல் தெரியாது. ஆனால் அந்தப் பத்தையும் அந்த ஊர்க்காரர் மாதிரியே இழுத்து, தலையாட்டிச் சொல்வார்.

"வர்றவங்க வாய் எப்படிப் போகுதோ அப்படியே நம்ம வாயும் போகோணும் கண்ணு. அப்பத்தான் நம்ம கடை அவங்களுக்கு அவங்க ஊடு மாதிரி இருக்கும்" என்பார்.

ஏரிக்கரைக் கடைக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான். அதை நடிப்பென்று எங்களில் யாரும் நினைத்ததில்லை, மரியாதை என்றுதான் நினைத்தோம். என் தப்பு அங்கேதான் தொடங்கியது.

காலை வேலை துரைசானியம்மாவிடம். கிளியூர் போகும் வழியில் ஒரு பழைய பங்களாவில் தனியாக இருந்த வெள்ளைக்காரக் கிழவி. கணவர் எஸ்டேட் வைத்திருந்தவர், இறந்து பல வருஷமாகிவிட்டது. இவர் இங்கிலாந்து திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டார். கண் கிட்டத்தட்டப் போய்விட்டது. அவருக்கு வரும் கடிதங்களையும் செய்தித்தாளையும் வாசித்துக் காட்டுவதும், அவர் சொல்லச் சொல்லப் பதில் எழுதுவதும் என் வேலை. கண்ணை விட்டுப் போன பலமெல்லாம் அவருக்குக் காதுக்கு வந்திருந்தது. முதல் வாரம் நான் ஒரு வரி வாசித்தால் மூன்று முறை முகத்தைச் சுளிப்பார். எனக்கோ வேலை போய்விடுமோ என்று பயம். அதனால் அவர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, வீட்டுக்கு வந்து அடுப்படியில் சொல்லிப் பார்ப்பேன். தண்ணீருக்கு "வோட்டா" என்பேன், கடைசியில் இருக்கும் எழுத்தை விழுங்கிவிட்டு. குளியலுக்கு "பாஆத்" என்பேன், வாயை நீளமாகத் திறந்து.

"ஏங்கண்ணு, பல்லு வலியா?" என்று கேட்பாள் அம்மா.

மூன்று மாதத்தில் துரைசானியம்மா முகம் சுளிப்பதை நிறுத்தினார். ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு, "நீ வாசிக்கும்போது எங்கள் ஊர்ப் பெண் வாசிப்பது போலவே இருக்கிறது" என்றார். அன்றைக்கு வீடு வரைக்கும் எனக்குக் கால் தரையில் படவில்லை.

மதிய வேலை பிறகு வந்தது. அமெரிக்காவிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி. மலைக்காரர்கள் சாமையும் ராகியும் எப்படிப் பயிர் செய்கிறார்கள் என்று எழுத வந்தவள், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அவளோடு மாரமங்கலத்துக்கு பஸ்ஸில் போய், விவசாயிகள் சொல்வதை இங்கிலீஷில் டேப் ரிக்கார்டருக்குள் சொல்ல வேண்டும். நான் பங்களா இங்கிலீஷில் தொடங்கினேன். அவள் சிரித்தாள். "ராணியே வந்து வரப்பில் நின்று பேசுவது போலிருக்கிறது. இதை என் புரொபசர் கேட்டால் நான் எங்கே உட்கார்ந்து ரெக்கார்ட் செய்தேன் என்று சந்தேகப்படுவார்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. அவள் பேசுவதையும் கவனிக்க ஆரம்பித்தேன். விழுங்கிய எழுத்தை நாக்கைச் சுருட்டி வெளியே கொண்டுவர வேண்டும், நடுவில் வரும் 'ட'வை மெத்தென்று உதிர்க்க வேண்டும். "வாடர்." ஒரு மாதத்தில் வந்துவிட்டது. "இதை எங்கே கற்றாய்?" என்று ஆச்சரியப்பட்டாள். கேட்டுக் கேட்டு உன்னிடமிருந்துதான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "காலேஜில் ஓர் அமெரிக்க டீச்சர் இருந்தார்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவைத்தேன்.

இது ஏன் இவ்வளவு பயம் தர வேண்டும் என்று இப்போது யாராவது கேட்கலாம். எனக்கு இன்னொரு வேலை இருப்பது இரண்டு பேருக்கும் தெரியும், அங்கே எப்படிப் பேசுகிறேன் என்பதுதான் தெரியாது. துரைசானியம்மாவுக்கு அமெரிக்க இங்கிலீஷ் என்றால் ஆகாது. ரேடியோவில் வந்தாலே, "மெல்லுகிறான் பார்" என்று அணைக்கச் சொல்வார். அதோடு, அந்த வருஷம் மலையில் ஒரு போர்டிங் ஸ்கூலில் கீழ் வகுப்புகளுக்கு இங்கிலீஷ் டீச்சர் வேலை காலியாக இருந்தது. பொட்டிக்கடைக்காரர் மகளுக்கு அந்தப் படி ஏறுவதே பெரிது. உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறதென்று துரைசானியம்மா ஒரு கடிதம் கொடுத்தால் போதும், ஹெட்மாஸ்டர் மறுபேச்சுப் பேச மாட்டார். கொடுக்கிறேன் என்று அவரும் வாக்களித்திருந்தார். மப்ளர் மடிப்பதிலிருந்து தப்பிக்க எனக்கு வேறு வழியே இல்லை.

அப்படியிருக்கையில் ஒரு காலை தபாலில் அமெரிக்காக்காரியின் கடிதம் வந்தது. பங்களாவில் இருக்கும் பழைய மழைக்கணக்கு நோட்டுகளைப் பார்க்க அனுமதி கேட்டிருந்தாள். அவளுடைய வார்த்தைகளைத் துரைசானியம்மாவின் வாயில் வாசித்துக் காட்டினேன்.

"நல்ல பெண்ணாகத் தெரிகிறது. வியாழக்கிழமை டீக்கு வரச் சொல். நீயும் இரு, நோட்டுகளை எடுத்துக் கொடுக்க வேண்டும்" என்றார்.

அந்த அழைப்பை என் கையாலேயே எழுதினேன். மதியம் அதை நான் கொடுத்ததும் அவள் குதித்தபோது, நானும் நாக்கைச் சுருட்டி அவளோடு சேர்ந்து சந்தோஷப்பட்டேன்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஒரே அறையில் இரண்டு பேரும் இருந்தால் நான் எந்த வாயைத் திறப்பது? ஒன்றைத் திறந்தால் மற்றவருக்கு நான் புளுகுணி. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்களே, அந்தக் கதிதான். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டேன். தொண்டை கட்டிக்கொண்டது என்று வாயையே திறக்காமல் இருந்துவிடுவது. புதன்கிழமையே கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டேன். அம்மா நம்பிவிட்டாள். மிளகைத் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்த கஷாயத்தை மூன்று வேளையும் என் வாயில் ஊற்றினாள். இல்லாத நோய்க்கு இருக்கிற தொண்டை எரிந்தது.

"நொம்ப ஏமாத்தாம பூராவும் குடி சாமி. நாளைக்கு துரைசானி ஊட்டுல பேசோணுமல்ல?" என்றாள்.

வியாழக்கிழமை மலையெல்லாம் பனிமூட்டம். பங்களாவில் தொண்டையைத் தொட்டு, காற்றாக இரண்டு வார்த்தை சொன்னேன். துரைசானியம்மா உச்சுக் கொட்டினார். அமெரிக்காக்காரி வந்தாள், என் மப்ளரைப் பார்த்து முதுகைத் தடவினாள். கப்புகளை எடுத்து வைத்தேன், நோட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தேன். அரைமணி நேரம் நன்றாகவே போனது. பிழைத்துவிட்டோம் என்று நினைத்து ஒரு பிஸ்கட் கூட எடுத்துக்கொண்டேன்.

"பாவம், இன்றைக்குப் பார்த்துக் குரல் போய்விட்டது. இவள் எனக்கு வாசிப்பதை நீ கேட்டிருக்க வேண்டும். எங்களில் ஒருத்தி போலவே பேசுவாள்" என்றார் துரைசானியம்மா.

"ஆமாம்! எங்களில் ஒருத்தி போலவேதான்" என்றாள் அவள்.

துரைசானியம்மா சிரித்தார், இவளும் சிரித்தாள். அதோடு விட்டிருந்தால் எனக்கு நல்ல காலம். அவள் நல்ல மனசுக்காரி, என்னைப் பெருமைப்படுத்த நினைத்தாள். மழையைப் பற்றித் துரைசானியம்மா சொல்வதைப் பதிவு செய்ய டேப் ரிக்கார்டரைக் கொண்டுவந்திருந்தாள். அதில் மாரமங்கலத்தில் எடுத்த கேசட் அப்படியே இருந்தது. "இதைக் கேளுங்கள்" என்று பொத்தானை அமுக்கினாள்.

பங்களாவின் கூடத்தில் என் குரல் நாக்கைச் சுருட்டிச் சுருட்டிச் சாமை அறுவடை பற்றிப் பேசியது. பின்னால் ஒரு கோழி கூவியது. பிஸ்கட் என் வாயிலேயே நின்றுவிட்டது.

துரைசானியம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். "யார் இந்தப் பெண்? உன் சிநேகிதியா?"

"இவள்தான்!"

துரைசானியம்மாவின் கப் சாஸரில் உட்கார்ந்த சத்தம் எனக்குக் கேட்டது. முகத்தை நான் இருந்த பக்கம் திருப்பினார். "உன் குரல் போகவில்லை என்று நினைக்கிறேன்" என்றார்.

"இல்லை, மேடம்" என்றேன். அது அவருடைய இங்கிலீஷில்தான் வந்தது. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றேன்.

அமெரிக்காக்காரியின் கண் விரிந்தது. கோபமே இல்லை, ஒரே குதூகலம். "அந்த முதல் நாள் ராணிக் குரல் இவருடையதா! இரண்டும் செய்வாயா? இன்னொரு தடவை செய்! முதலில் அவர் மாதிரி, பிறகு என் மாதிரி!" என்று கேசட்டைத் திருப்பிப் போட்டுப் பதிவு செய்யப் போனாள். கோபித்திருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். நாலு பேர் சுற்றி நின்று குட்டிக்கரணம் போடச் சொன்னது போல எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

"என்னைக் கேலி செய்தாயா?" என்றார் துரைசானியம்மா.

"இல்லை மேடம். மரியாதைக்காகத்தான்..."

"நிறுத்து. அது என்னுடைய குரல். உன் குரலில் பேசு."

செய்தித்தாளை எடுத்து, ஒரு பத்தி வாசி என்றார். நான் எடுத்தேன். எழுத்தெல்லாம் தெரிந்தது, ஆனால் வாய் எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. வலது பக்கம் போனால் பங்களா, இடது பக்கம் போனால் டேப். காலேஜில் எப்படி வாசித்தேன் என்று யோசித்தேன். கடைசி பெஞ்சில் நாங்கள் எப்படிப் பேசினோம், லெக்சரர் எப்படி ஒவ்வோர் எழுத்தையும் அழுத்துவார் என்றெல்லாம் ஞாபகப்படுத்திக்கொண்டு, சேலத்து இங்கிலீஷில் மெதுவாக வாசித்தேன். வோட்டாவும் இல்லை, வாடரும் இல்லை, எங்கள் ஊர் 'வாட்டர்'. ஒன்றரை வருஷமாக வெளியே எடுக்காத குரல் அது. எனக்கே அது வேறு யாரோ பேசுவது போலிருந்தது.

வாசித்து முடித்தேன். அமெரிக்காக்காரி கைதட்டினாள். துரைசானியம்மா தன் கப்பைத் தள்ளி வைத்தார்.

"இதையும் நன்றாகத்தான் செய்கிறாய்" என்றார்.

அது செய்தது இல்லை, அதுதான் நான், என்று சொல்ல வாயெடுத்தேன். அதை எந்த இங்கிலீஷில் சொல்வதென்று தெரியாமல் நின்றேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதேன். அழுகைக்கு மட்டும்தான் அன்றைக்கு எந்த உச்சரிப்பும் தேவைப்படவில்லை.

துரைசானியம்மா என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அடுத்த வாரம் முழுக்கச் செய்தித்தாள் வாசித்தேன், என்ன குரலில் வாசித்தேன் என்று எனக்கே நிச்சயமில்லை. ஸ்கூல் இண்டர்வியூவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, "வாக்குக் கொடுத்தேன் அல்லவா, எழுதிக்கொள்" என்றார். எனக்கான சிபாரிசுக் கடிதத்தை, அவர் சொல்லச் சொல்ல, நானே எழுத உட்கார்ந்தேன்.

தாராளமாகத்தான் சொன்னார். நேரம் தவறாதவள், நன்றாகப் படித்தவள், இவள் உச்சரிப்பில் நான் ஒரு பிழையும் கண்டதில்லை. நான் எழுதிக்கொண்டே வந்தேன். கண்ணில் நீர் நிறைந்தது. பிறகு சற்று நிறுத்தி, ஒரு வாக்கியம் சொன்னார்: "ஆனால் அந்த உச்சரிப்பு இவளுடையதுதானா என்பதை என்னால் சொல்ல முடியவில்லை."

பேனா தாளின் மேல் நின்றது. அவர் சொன்னது பொய்யில்லை. அதைப் படிக்கும் ஹெட்மாஸ்டர் முகத்தை நினைத்தேன், கடையில் அடுக்கியிருக்கும் மப்ளர்களை நினைத்தேன். எழுதுவது போல அந்த இடத்தில் காற்றில் பேனாவை ஓட்டினேன். அவர் காதுக்குக் கேட்க வேண்டுமென்று, நிப்பை மட்டும் தாளின் ஓரத்தில் வெறுமனே உரசினேன்.

"வாசித்துக் காட்டு" என்றார்.

வாசித்தேன். நேரம் தவறாதவள், படித்தவள், பிழை கண்டதில்லை. தாளில் இருந்தது அவ்வளவுதான். கண்ணைத் தாளின் வெற்றிடத்தில் வைத்துக்கொண்டு, இல்லாத அந்தக் கடைசி வாக்கியத்தையும் வாசித்தேன். அவர் சொன்ன அதே குரலில், அவர் நிறுத்திய அதே இடத்தில் நிறுத்தி, ஒரு சொல் பிசகாமல் வாசித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் எந்த வாக்கியத்தையும் சொன்னதில்லை.

"சரியாக இருக்கிறது" என்று கையை நீட்டினார். கையெழுத்துப் போடும் இடம் அவருக்குத் தெரியாது. விரலைப் பிடித்து நான்தான் காட்ட வேண்டும். பிழை கண்டதில்லை என்ற வரிக்கு நேர் கீழே, நடுவில் எதையும் சேர்க்க இடமில்லாதபடி, அவர் விரலைக் கொண்டுபோய் வைத்தேன்.