புணேயில் ஓடிய எங்கள் வீட்டு டிவி

கார்த்திகை தீபத்தன்று மாலை நான் புணேயில் இருந்தேன். என் கண்கள் மட்டும் திருவண்ணாமலையில், எங்கள் வீட்டு டிவிக்குள் இருந்தன.

மேடை மொழியில் மிகைப்படுத்துகிறேன் என்று எண்ண வேண்டாம். வீட்டு செட்டாப் பாக்ஸோடு ஒரு சிறு கருவியை இணைத்திருக்கிறேன். அங்கே ஓடும் சேனல் இன்டர்நெட் வழியாக என் போனில் ஓடும். இங்கிருந்தபடியே சேனலை மாற்றவும் முடியும். முதல் வாரம் மாற்றியும் பார்த்தேன். சீரியலில் மூழ்கியிருந்த அம்மா உடனே அழைத்தார்.

"டேய், நீ அங்க வேலை பார்க்கப் போனியா, எங்க டிவியை நோண்டப் போனியா?"

எதற்காக இத்தனை ஏற்பாடு? தீபம் பார்க்கவா? தீபத்தை எத்தனையோ சேனல்கள் காட்டுகின்றன. எனக்கு வேண்டியது வர்ணனை... எங்கள் ஊர் லோக்கல் கேபிளில் மட்டும் வரும் நேரடி வர்ணனை. மூன்று ஆண்டுகள் அந்த மைக்கைப் பிடித்தவன் அடியேன். வேலை கிடைத்து நான் கிளம்பியதும் மைக் கவிதாவிடம் போனது. கல்லூரிப் பட்டிமன்றங்களில் எனக்கு நிரந்தர எதிரணி அவர். இப்போது என்னை விஞ்சிவிடுவாரோ? ஊர் என் குரலை மறந்துவிடுமோ? விடை தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கவிதா தொடங்கினார். நிதானமான குரல். உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை — எனக்கு அதுவே பெரிய குறை. ஆனால், வர்ணனையாளரின் தரம் ஜோதி எழும் கணத்தில்தான் தெரியும். அந்தக் கணத்துக்கென்றே ஆண்டுதோறும் ஒரு வாக்கியம் செதுக்கி வைத்து முழங்கியவன் நான். அவர் என்ன சொல்லப்போகிறார்? மேளம் உச்சத்துக்கு ஏறியது. கவிதா மூச்சை இழுத்தார்...

திரை கறுத்தது.

போனைத் தட்டினேன். அணைத்து எழுப்பினேன். பயனில்லை. பலமுறை அழைத்த பிறகே அப்பா எடுத்தார்.

"அப்பா, பாக்ஸ் ஏன் ஆஃப் ஆச்சு?"

"மெயினை ஆஃப் பண்ணிட்டு மாடிக்குப் போனோம்டா. வீடு இருட்டா இருந்தாதானே ஜோதி பளிச்சினு தெரியும்? மொத்தத் தெருவும் அப்படித்தான். வருஷா வருஷம் பண்றதுதானே?"

வருஷா வருஷம். அந்தச் சொல் கொஞ்சம் தாமதமாகத்தான் எனக்குள் இறங்கியது.

"அப்ப, நான் பேசினப்போ?"

"அப்பவும்தான்."

"வீட்டுக்கு வந்ததும், நல்லா பேசினடானு சொன்னீங்களேப்பா!"

"நீ நல்லாதான்டா பேசுவே. அதைக் கேட்டுதான் தெரிஞ்சிக்கணுமா?"

பின்னாலிருந்து அம்மாவின் குரல்: "மலையே எதிர்ல நிக்குது. அந்த நேரத்துல டிவி என்னாத்துக்கு?"

எத்தனையோ மேடைகளில் எதிரணியின் வாயை அடைத்தவன் நான். அப்படிப்பட்ட நான், மூன்று ஆண்டுகளாக, தெருவே மாடியில் நிற்கும் நேரம் பார்த்து, கரண்ட் இல்லாத கூடங்களுக்கு முழங்கியிருக்கிறேன்.

சற்று நேரத்தில் கவிதா அழைத்தார். தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவரின் குரல்.

"புணேலருந்தே பார்ப்பேன்னு சொன்னீங்களே... பார்த்தீங்களா? ஜோதி வந்தப்போ நான் பேசினது எப்படிங்க இருந்துச்சு?"

"பிரமாதமா பேசினீங்க."

"சும்மா சொல்லாதீங்க. நிஜமாவா?"

"நிஜமாத்தாங்க."

ஜோதி எழுந்தபோது அவர் சொன்னதில் ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை. ஆனால், கவிதா நன்றாகத்தான் பேசுவார்... அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?