பெயர்ப்பலகையின் இரண்டாவது வரி

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டாகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உங்கள் கைகளில் இந்த நினைவு மலரைத் தருகிறோம். வீட்டுக் கேற்றில் உள்ள அவரது பெயர்ப்பலகையை நாங்கள் இன்னும் கழற்றவில்லை. முதல் வரியில் பெயரும் சட்டத்தரணி என்ற சொல்லும் இருக்கின்றன. இரண்டாவது வரி பின்னர் எழுதப்பட்டது: ‘குற்றவியல் வழக்குகள் மட்டும்.’

அக்கா மாம்புரியில் பிறந்தார். நான்கு பிள்ளைகளில் மூத்தவர். அப்பா கடலில் இறந்தபின், சித்தப்பாதான் தமது தென்னங்காணியின் வருமானத்தை நம்பி அவரைச் சட்டக் கல்லூரிக்கு அனுப்பினார். புத்தளம் நீதிமன்றங்களில் அக்கா இருபது ஆண்டுகளுக்கு மேல் குற்றஞ்சாட்டப்பட்ட எதிரிகளுக்காக வாதாடினார். சாட்சிகளிடம் குரலை உயர்த்தமாட்டார். கேள்விகளைப் பென்சிலால் எழுதிவைத்து, கேட்டு முடித்ததை ஒவ்வொன்றாகக் கோடிட்டு வெட்டுவார்.

அந்தத் தென்னங்காணி பங்காளிகளுக்கிடையே பிரிவினை வழக்குக்குப் போனது. சித்தப்பா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“நான் காணி வழக்குச் செய்றதில்ல சித்தப்பா. அதுல பழகின ஆளக் காட்டித் தாறன்” என்றார் அக்கா.

“எல்லாருக்கும் கறுப்புக் கோட்டு ஒன்டுதானே மகள்? வீட்டுல லோயர வச்சிக்கிட்டு வெளியால போனா ஊரு சிரிக்கும்.”

எங்கள் பக்கத்தில் சட்டத்தரணியை இன்னாருடைய பிள்ளை என்று பார்த்தே தேடுவோம். நாங்களும் சித்தப்பாவின் பக்கமே பேசினோம். அக்கா சம்மதித்தார்.

குற்றவியல் வழக்கில் எதிரித் தரப்பு தன் ஆவணத்தைக் கடைசிவரை பையில் வைத்திருக்கலாம். காணி வழக்கில் அப்படியல்ல. விளக்கம் என்னும் விசாரணை தொடங்குமுன்பே ஆவணங்களின் பட்டியலைக் கொடுக்க வேண்டும். சித்தப்பாவின் பங்கை நிரூபிக்கும் பழைய காணி உறுதிப் பத்திரத்தை, அவர் சாட்சிக் கூண்டில் நின்றபோதுதான் அக்கா வெளியே எடுத்தார். “பட்டியலில் இல்லை” என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்தார். நீதிமன்றம் உறுதியை ஏற்கவில்லை. மேன்முறையீடும் தோற்றது. காணியில் பாதி போனது.

தீர்ப்பு வந்த அன்று மாலை அக்கா சித்தப்பா வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

“பிழை என்ட பக்கம்தான், சித்தப்பா. நீதிபதியிலயும் பிழை இல்ல, மத்த லோயரிலயும் பிழை இல்ல.”

சித்தப்பா எழுந்து உள்ளே போனார். அடுத்த வாரம் அக்கா பெயின்டரைக் கூப்பிட்டு இரண்டாவது வரியை எழுதுவித்தார்.

அதன்பின் சட்டத்தரணிகள் கூடும் இடமெல்லாம் ஒன்றையே கேட்டார்: வழக்கு விளக்கங்களில் வாதாடுவோருக்குத் துறைவாரியாகப் பரீட்சை வேண்டும், தேறியவருக்குச் சான்றிதழ் வேண்டும். “கண்ணுக்கு ஒரு டொக்டர், எலும்புக்கு ஒரு டொக்டர். எங்களுக்கு மட்டும் ஏன் இல்ல?” என்பார். “பரீட்சை வச்சா நாங்க பாதிப்பேர் கருவாடுதான் விக்கணும், மிஸ்” என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்களாம். அக்காவும் சிரித்தாராம். அந்தச் சான்றிதழ் இன்றுவரை இல்லை.

மூன்று ஆண்டுகள் சித்தப்பா எங்கள் வாசலுக்கு வரவில்லை. பிறகு, கடற்கரைச் சண்டையில் ஒருவரைக் கத்தியால் வெட்டியதாக அவரது மகன் கைதானார். சித்தப்பா வந்து கேற்றில் நின்று பலகையை வாசித்தார்.

“இது உன்ட வழக்குத்தானே?”

“ஓம், சித்தப்பா. இது என்ட வழக்கு.”

காயம் கத்தியால் வந்ததா, படகு எஞ்சினின் விசிறியால் வந்ததா என்று வைத்தியரை அரை நாள் குறுக்கு விசாரணை செய்தார். விசிறியாலும் வந்திருக்கலாம் என்று வைத்தியர் ஒப்புக்கொண்டார். மகன் விடுதலையானார்.

சிறுநீரகம் செயலிழந்து கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இன்னும் முடிவடையாத வழக்குகளின் கோப்புகளைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொன்றிலும் அந்த வேலை தெரிந்த ஒருவரின் பெயரைப் பென்சிலால் எழுதினார். அவரது கோட் இன்னும் கதிரையில் கிடக்கிறது. அதை என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

அந்தக் கோப்புகளை ஏற்ற சட்டத்தரணிகளுக்கும், தாதியருக்கும், பங்குத்தந்தைக்கும், இறுதிச் சடங்கின் மூன்று நாளும் கடலுக்குப் போகாமல் எங்களோடு இருந்த அயலவர்களுக்கும் நன்றி.

சித்தப்பாவுக்கும் நன்றி. அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அவருக்கு வாசித்துக் காட்டி, காணி விசயத்தை எடுத்துவிடவா என்று கேட்டேன்.

“கிடக்கட்டும் மகன்” என்றார். “அவ மறைக்கல்லயே.”