அத்தானின் ஆயிரத்து இருநூறு பங்குகள்

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். காசு அவர் கைக்கு வந்தால் லேசில் வெளியே போகாது. அப்படிப்பட்டவர் இருபது வருடச் சேமிப்பை ஒரு சின்னக் கம்பெனியின் பங்குகளில் போடப்போகிறேன் என்று நான் வேலை பார்க்கும் செல்போன் கடையில் வந்து நின்றபோது எனக்குத் தலை சுற்றியது.

"அத்தான், கிறுக்கு பிடிச்சிருக்கா உங்களுக்கு?"

"லிஃப்ட் கதவு ஓடுறதுக்குச் சக்கரம் செய்யுற கம்பெனி. ஒன்பது வருஷமா மாட்டுறேன், ஒண்ணுகூடப் பழுதுன்னு திரும்பி வரல. நீ போன்ல அந்த ஆப்பை மட்டும் போட்டுக் குடு, மத்தது நான் பாத்துக்கிறேன்."

கண்ணை மூடிக்கொண்டு குதிக்கிற ஆள் இல்லை அவர். லீவு போட்டுவிட்டு அந்தத் தொழிற்சாலைக்கே போனார். வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களிடம் சம்பளம் தேதிக்கு வருகிறதா என்று கேட்டார். கழிப்பறையைக்கூட எட்டிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து, வேலை நோட்டில் ஒரு பக்கம் நிறைய ஆபத்துகளை எழுதினார். இரும்பு விலை ஏறலாம். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் கைவிடலாம். முதலாளிக்கு ஏதாவது ஆகிவிடலாம். நம் நாட்டுப் பணத்தின் மதிப்பு விழலாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பதிலும் இருந்தது. நானும் படித்துவிட்டுத் தலையாட்டினேன். நாம் விற்க வேண்டிய அன்று வாங்க ஆள் இருப்பார்களா என்கிற ஒரு வரி மட்டும் அதில் இல்லை. நின்றுபோன லிஃப்டிலிருந்து நூறு பேரையாவது வெளியே எடுத்த மனிதருக்கே அது தோன்றவில்லை.

ஆயிரத்து இருநூறு பங்குகள். ஒன்றரை வருடத்தில் விலை இரண்டு மடங்கானது. அத்தானைக் கையில் பிடிக்க முடியவில்லை. அந்தப் பெருமையை அதிகம் கேட்டவர் ரேடியோதான். ரேடியோ அத்தானுடைய வேலை ஜோடி. வாய் ஓயாது, அதனால் அந்தப் பேர். அவர்கள் வேலையில் ஒருவர் மொட்டை மாடி இயந்திர அறையில் நிற்பார், இன்னொருவர் லிஃப்டுக்கு அடியில் குழிக்குள் இருப்பார். மேலே இருப்பவர் குரல் கொடுத்து, கீழேயிருந்து பதில் வந்த பிறகுதான் லிஃப்டை அசைக்கலாம். பதினோரு வருடமாக அந்தக் குரலை நம்பித்தான் இரண்டு பேரும் உயிரோடு வீடு திரும்புகிறார்கள்.

அப்புறம் அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஆபரேஷன், புதன்கிழமைக்குள் பணம் கட்டியாக வேண்டும். "அதான் பங்கு இருக்கே, ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க?" என்று அக்காதான் அத்தானுக்குத் தைரியம் சொன்னாள்.

மறுநாளே விற்கப் போட்டோம். போகவில்லை. விலை ஒரு நாளில் எவ்வளவு இறங்கலாமோ அவ்வளவு இறங்கி, அங்கேயே நின்றது. அடுத்த நாளும் அப்படியே. வாங்குகிறவர் என்று ஒருத்தர் இல்லை. நான் தரகர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

"வெளிநாட்டுப் பெரிய பணம் வெளியே போகுதும்மா. அவங்க ஊர்ல வட்டி ஏறிடுச்சாம். நம்மள மாதிரி வளர்ற நாடுகள்ல வெச்சிருந்த சின்னக் கம்பெனியெல்லாம் முதல்ல வித்துத் தள்றாங்க."

"கம்பெனிக்கு என்னாச்சு?"

"கம்பெனிக்கு ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் ஓடுது. வாங்கத்தான் ஆள் இல்ல."

அந்தச் சில நாட்களும் இதே கதைதான். சந்தை திறக்கும் முன்பே அத்தான் கடை வாசலில் நிற்பார். வரிசையில் முதல் ஆளாக விற்கப் போட்டுவிட்டு இருவரும் திரையையே பார்ப்போம். அக்கா போன் செய்தால் "இன்னிக்கு வந்துடும்" என்று பொய் சொல்வேன். ரேடியோவிடம் அத்தான் மூச்சு விடவில்லை. அவ்வளவு பீற்றிக்கொண்ட பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வார்?

திங்கள்கிழமை மதியம், ஆயிரத்து இருநூறும் ஒரே மூச்சில் விற்றுப்போனது. கிட்டத்தட்ட பாதி விலை, ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போதும். நான் கடையிலேயே அழுதுவிட்டேன். அன்று முழுக்க அந்தக் கம்பெனியில் கைமாறியது அவ்வளவுதான். எங்களுக்குப் பின்னால் விற்கக் காத்திருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். யாரோ மகராசன் வாங்கினானே என்று கும்பிடு போட்டேன்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை அத்தான் என்னிடம் மட்டும்தான் சொன்னார். ஏழு மாடிக் கட்டடம். அவர் மேலே, ரேடியோ குழியில்.

"அண்ணே, உங்ககிட்ட சொல்லவே இல்ல பாருங்க!" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது. "நேத்து நானும் வாங்கிட்டேன், உங்க சக்கரக் கம்பெனி! பாதி விலைக்குக் கெடச்சுது. உங்களுக்கு எவ்வளவோ எனக்கும் அவ்வளவுன்னு ஆயிரத்து இருநூறு! பொண்ணு காலேஜ் பணந்தான். கட்டுறதுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு, அதுக்குள்ள ஏறிடும்ல?"

அத்தான் சுவிட்சில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"சரிண்ணே, நான் ஒதுங்கிட்டேன், அசைக்கலாம்!"

அத்தான் அசைக்கவில்லை. மின்சாரத்தை அணைத்துவிட்டு ஏழு மாடியும் படியில் இறங்கினார். குழியின் விளிம்பில் உட்கார்ந்து, "நேத்து வித்தது நான்தான்யா" என்றார். அக்காவைப் பற்றியும் அந்தச் சில நாட்களைப் பற்றியும் சொன்னார். ரேடியோ கையிலிருந்த கிரீஸைத் துணியில் வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தாராம்.

"அண்ணிக்காக வித்தீங்க, அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன்" என்றார் கடைசியில். "ஆனா நான் கீழ நிக்குறேன்னு தெரியும்ல? ஒரு குரல் குடுத்திருக்கலாமேண்ணே."

அக்கா நன்றாக இருக்கிறாள். தையல் பிரித்தாகிவிட்டது. காலேஜுக்குப் பணம் கட்ட இன்னும் இரண்டு மாதமும் சில நாட்களும் இருக்கின்றன. கையில் ஒரு பங்குகூட இல்லாத அத்தான், சந்தை திறக்கும் முன்பே கடை வாசலில் வந்து நின்று, "இன்னிக்கு ஏறுமா பாரு" என்கிறார்.