ஆறு இலக்கம் மறைவதற்குள்

சில்வஸ்டருக்குக் கண்ணில் பிரஷர் இருப்பது தற்செயலாகத்தான் தெரியவந்தது. கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் பச்சைத் தேயிலை லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர் அவர். கண்ணாடியை மாற்றலாம் என்று குன்னூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில், டாக்டரம்மா கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஒருமுறை பார்த்தார்.

"இது வலிக்காதுங்க, செவக்காது. ஓரத்துல இருந்து கொஞ்சங்கொஞ்சமா பார்வையைத் தின்னுட்டு வரும். போனது திரும்பாது. மருந்தை விடாம போட்டு, மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டுனீங்கன்னா இருக்கறதைக் காப்பாத்திக்கலாம்" என்றார்.

சில்வஸ்டர் சொன்னதைக் கேட்கிற ஆள். மருந்தைத் தானே அண்ணாந்து விட்டுக்கொள்வார். இன்னொருவர் கை கண்ணருகே வருவது அவருக்கு ஆகாது. மனைவி ஞானசுந்தரியைக்கூட விட்டதில்லை. தவறாமல் குன்னூருக்குப் பஸ் ஏறினார். ஜன்னலில் டோக்கன் வாங்கி, உட்கார்ந்திருந்து, காட்டிவிட்டு வந்தார்.

அப்புறம் ஒருநாள் அந்த டோக்கன் ஜன்னல் மூடிக் கிடந்தது. இனிமேல் செல்போன் ஆப் வழியாக முன்பதிவு செய்தவர்களை மட்டுமே பார்ப்போம் என்று கண்ணாடியில் காகிதம் ஒட்டியிருந்தார்கள். அன்றைக்கு மட்டும் அவரை உள்ளே விட்டார்கள். "அடுத்த தடவை புக் பண்ணிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார்கள்.

பெங்களூரில் இருக்கும் மகளைக் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த வாரமே சர்ச்சில் ஓர் அறிவிப்பு வந்தது. அந்த ஆஸ்பத்திரியின் ஆப்பைச் செய்கிற கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார்கள். பெரியவர்கள் ஆராதனை முடிந்ததும் ஹாலுக்கு வந்தால் நல்லது என்றார் போதகர். கற்றுக்கொடுக்கத்தான் வருகிறார்கள் என்று சில்வஸ்டர் எடுத்துக்கொண்டார். முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார்.

வந்தவள் கெஸியா. எட்மண்ட் வாத்தியாரின் மகள். கோயமுத்தூரில் படித்துவிட்டு இப்போது குன்னூரிலேயே வேலை. மேசைமேல் ஒரு கம்பியில் கேமராவை மாட்டி, அவர் கைகள் மட்டும் படத்தில் விழும்படி திருப்பிக்கொண்டே, "நாங்க டெஸ்ட் பண்றது ஆப்பைத்தான், உங்களை இல்ல, ஓகேங்களா அங்கிள்?" என்று ஒரே மூச்சில் சொன்னாள். எல்லாரிடமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம் அது. சில்வஸ்டரின் காதில் டெஸ்ட் என்ற சொல் மட்டும்தான் விழுந்தது. லைசென்ஸ் வாங்கிய நாளுக்குப் பிறகு அவர் எந்த டெஸ்டுக்கும் உட்கார்ந்ததில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவருடைய ஃபோனிலேயே ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். திரையில் எழுத்து வெள்ளைமேல் சாம்பலாக இருந்தது. தட்டித் தடவிப் பெயரைப் போட்டார், ஃபோன் நம்பரைப் போட்டார். ஆறு இலக்கம் வரும், அதை இதில் போடவேண்டும் என்றது ஆப். வந்தது. திரையின் உச்சியில் எட்டிப் பார்த்துவிட்டு, அவர் படித்து முடிப்பதற்குள் மறைந்தது. நினைவில் நின்ற மூன்றைப் போட்டார். பெட்டி மூடிக்கொண்டு முதலிலிருந்து பெயரைக் கேட்டது.

"இப்ப என்ன பண்ணோணும் அம்மணி?"

"நீங்க ஊட்டுல இருந்தா என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க அங்கிள்" என்றாள் கெஸியா சிரித்த முகமாக. உதவக் கூடாது, பார்க்க மட்டும்தான் வேண்டும் என்பது அவளுடைய வேலையின் விதி. அது சில்வஸ்டருக்குத் தெரியாது. அவர் மறுபடி பெயரைப் போட்டார். மறுபடி எண் வந்து மறைந்தது. விரல் வேர்த்து வழுக்கியது. பின்னால் வரிசையில் இருந்த பழனியாண்டி, அவருடைய லாரியில் கிளீனராக இருந்தவன், பிரியமாகத்தான் சொன்னான்: "அண்ணன் கைக்கு ஸ்டியரிங்தான் அடங்கும். இதெல்லாம் அடங்காது!"

ஹால் சிரித்தது. கெஸியாவும் சிரித்துவிட்டாள்.

"எனக்கு வரலீங்க" என்று ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார் சில்வஸ்டர். பிள்ளை வயசுப் பெண்ணிடம் 'ங்க' போட்டுப் பேசினோம் என்பது வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. வந்தவர்களுக்கெல்லாம் அன்பளிப்பாகக் கொடுத்த எவர்சில்வர் டப்பாவை அவருக்கும் கொடுத்தார்கள்.

"கத்துக்கிட்டீங்களா?" என்று ஞானசுந்தரி கேட்டாள்.

"ம்" என்றார்.

நாள் வந்தபோது சட்டை மாற்றிக்கொண்டு குன்னூருக்குப் போனார். ஆஸ்பத்திரி கேட்டில் வாட்ச்மேன், "புக்கிங் காட்டுங்க" என்றார். "மறந்துட்டு வந்துட்டேன்" என்று திரும்பி நடந்தார். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு, போன காரியம் முடிந்திருக்கக்கூடிய நேரம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"நல்லா இருக்குன்னாங்க."

ஒருமுறை சொன்ன பிறகு அடுத்தமுறை சொல்வது சுலபமாக இருந்தது. மகள் ஃபோனில் கேட்டபோதும் அதையே சொன்னார். புதுச் சீட்டு இல்லாமல் மருந்துக்கடைக்காரர் சொட்டு மருந்து தர மறுத்தார். காலியான சீசாவை வைத்துக்கொண்டு, காலையும் இரவும் அண்ணாந்து கண்ணை மூடித் திறந்தார். வலிதான் இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மற்றபடி அதைப்பற்றி நினைப்பதில்லை.

அடுத்த மழைக்காலத்துக்குள் இடது தோள் கதவு நிலையில் இடிக்க ஆரம்பித்தது. தட்டுக்கு இடப்பக்கம் வைத்த தண்ணீர் கொட்டியது. "ஏனுங்க, பார்த்துத்தான் எடுங்களேன்" என்பாள் ஞானசுந்தரி. வயசாச்சு என்பார் இவர். இருவருமாகச் சிரிப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும்போது சாலையைக் கடந்தார்கள். இடப்பக்கத்து வளைவிலிருந்து ஒரு பிக்கப் வண்டி இறங்கியது. ஹாரன் கேட்டு அவர் வலப்பக்கம் பார்த்தார். ஒன்றுமில்லை என்று காலை எடுத்து வைத்தார். ஞானசுந்தரி சட்டையைப் பிடித்து இழுத்ததில் அவர் தப்பினார். அவள் ஓரத்துக் கல்லின்மேல் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது.

கைக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியிலேயே அவள் கேட்டாள்: "வண்டி உங்களுக்குத் தெரியலையா?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் மாவுக்கட்டைப் பார்த்தபடி, "எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"சொல்ல வாய் வரல, சுந்தரி."

மகள் பெங்களூரிலிருந்தே பதிவு செய்து கொடுத்தாள். டாக்டரம்மா முன்பு போலவே வெளிச்சம் அடித்துப் பார்த்தார். இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் நடுவில் கொஞ்சம் மிச்சம். "ஏன் வராம இருந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே புதுச் சீட்டு எழுதினார்.

கெஸியா அதற்குப் பிறகுதான் வீடு தேடி வந்தாள். முகமெல்லாம் மலர்ச்சி. புது ஆப் வந்துவிட்டதாம். "எழுத்தைக் கறுப்பாக்கிப் பெருசு பண்ணிட்டோம் அங்கிள். அந்த ஆறு நம்பர் இப்ப மறையாது, தானாவே பெட்டிக்குள்ள விழுந்துரும். முடியாதவங்க ஃபோன் பண்ணியும் புக் பண்ணலாம். எல்லாம் உங்க வீடியோவைப் பார்த்துத்தான். மீட்டிங்ல அதை மறுபடி மறுபடி போட்டுக் காட்டுனேன். இத்தனை முயற்சி பண்றவரு தோத்துப் போறாருன்னா கோளாறு நம்ம ஆப்புலதான்னு எங்க சாரே ஒத்துக்கிட்டாரு!"

சில்வஸ்டர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "அப்ப அன்னைக்குத் தப்பு எம்மேல இல்லையா அம்மணி?"

"இல்லவே இல்ல அங்கிள். அன்னைக்கே சொன்னேனே. ஆப்பைத்தான் டெஸ்ட் பண்றோம், உங்களை இல்லன்னு…"

அவள் நீட்டிய ஃபோனை வாங்க அவர் கை அதற்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைத் துழாவியது. பிடித்ததும் தலையைச் சாய்த்து, வலது கண்ணுக்கு நேராகக் கொண்டுபோனார். கெஸியா பேச்சை நிறுத்தினாள். ஞானசுந்தரியின் கையில் இருந்த மாவுக்கட்டைப் பார்த்தாள். அந்த அம்மாள் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். குற்றம் சொல்லும் தொனியில்லை, ஆறுதலும் இல்லை.

"நான் அன்னைக்குச் சிரிச்சிருக்கக் கூடாது" என்றாள் கெஸியா கடைசியில்.

"எல்லாருந்தானே சிரிச்சாங்க" என்றார் சில்வஸ்டர். ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். "எழுத்து நல்லாத்தான் இருக்கு. மத்தவங்களுக்கு உதவும்."

ஞானசுந்தரி கொடுத்த டீ ஆறிப்போனது. போகும்போது கெஸியா தன் நம்பரை ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதிக் கொடுத்தாள். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடச் சொன்னாள். அவர்கள் கூப்பிடவில்லை.

இப்போது முன்பதிவை ஞானசுந்தரிதான் செய்கிறாள். முறிந்த மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை என்பதால் இடது கையால் தட்டுகிறாள். புது ஆப்பில் அவளுக்கு ஒரு சிரமமும் இல்லை. காலையும் இரவும் அவளே மருந்து விடுகிறாள். சில்வஸ்டர் அண்ணாந்து, நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பற்றிக்கொண்டு, அவள் விரல் இமையைப் பிரிக்கும்வரை காத்திருக்கிறார்.