பொன்னாத்தாவின் பாவாடை

தேயிலைக்கு விலை விழுந்த வருஷம் செடிகள் எப்போதும் போலத்தான் துளிர்த்தன. எனக்கு அதுதான் புரியவில்லை. கொழுந்து கைக்கு எட்டுகிற மாதிரி நிற்கிறது, பறிக்க வேண்டாம் என்கிறார்கள். வாரத்தில் பாதி நாள் ஃபேக்டரிச் சங்கு ஊதவில்லை. ஊதாத நாளில் பெரியவர்கள் எல்லாரும் எங்கள் வீடுகள் வரிசையாக இருக்கும் லைனிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பகலில் அவர்களை வீட்டில் பார்த்துப் பழக்கமில்லாததால், யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் எஸ்டேட் அரவேணுவுக்கு மேலே இருந்தது. அப்பா கவாத்து ஆள். சில வருஷத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள், அதுதான் கவாத்து. அதற்கென்று வளைந்த கத்தி ஒன்றை ஆபீசில் கொடுப்பார்கள். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதையும் தீட்டித்தான் கொடுக்க வேண்டும். ஆபீசில் கணக்கு எழுதும் ரைட்டர் கத்தியை வாங்கித் தன் முன்னங்கையில் ஓட்டிப் பார்ப்பார். ரோமம் விழுந்தால்தான் உள்ளே வைப்பார். அப்பாவின் கத்தியை மட்டும் ஓட்டியே பார்க்கமாட்டார். வாங்கினதும் ஆணியில் மாட்டிவிடுவார். அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை. வாயால் சொல்லமாட்டார், ஆனால் அன்றைக்கு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

பொன்னாத்தா எனக்குக் கிடைத்தது விலை விழுந்ததற்கு முந்தின மழைக்காலத்தில். தேயிலைக்கு நடுவில் மழைத்தண்ணீர் ஓட வெட்டியிருக்கும் கானை அப்பா ஆழப்படுத்திக்கொண்டிருந்தார். நான் சோறு கொண்டுபோனேன். அவர் அள்ளிப் போட்ட மண்ணில் ஒரு கல் கிடந்தது. கறுப்பும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் ஒரு நிறம். என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளம் இருக்கும். மேலே ஒடுங்கி, கீழே போகப் போக விரிந்து, பாவாடை கட்டின பெண்பிள்ளை மாதிரியே இருந்தது. உடம்பெல்லாம் வழவழப்பு. கீழ் ஓரத்தில் மட்டும் சின்னச் சின்னதாகப் பொக்கை விழுந்திருந்தது. அதைப் பாவாடையின் சரிகை என்று வைத்துக்கொண்டேன்.

கரியால் கண் வைத்தேன். அம்மாவின் பழைய சீலையில் கிழித்த துணியைச் சுற்றினேன். பொன்னாத்தா என்று பேர் விட்டேன். முதலில் ஜில்லென்று இருப்பாள். கம்பளிக்குள் என்னோடு கொஞ்ச நேரம் கிடந்தால் சூடாகிவிடுவாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு எனக்குப் பேச வராது. அவளோடு வரும்.

விலை விழுந்த அந்த வருஷத்தில்தான் பெரிய துரையின் பங்களாவுக்கு ஒரு விருந்தாளி வந்தார். அவரும் வெள்ளைக்காரர்தான். தொப்பியும் தடியுமாகத் தேயிலைக்குள் இறங்கி, கானைக் கானாகக் குனிந்து பார்த்துக்கொண்டே நடப்பார். சில இடத்தில் மண்டி போட்டு மண்ணைக் கையால் துழாவுவார். எஸ்டேட்டை விற்கப்போகிறார்கள், மண் எப்படியென்று பார்க்க வந்திருக்கிறார் என்று லைனில் பேச்சு. அம்மா அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை.

அப்புறம் ரைட்டர் அவரை லைனுக்கே கூட்டிக்கொண்டு வந்து விஷயத்தைச் சொன்னார்.

“துரை பழைய கல்லுச் சேக்கறாருங்க. இரும்பு வாரதுக்கு முன்னால இருந்த சனங்க கல்லுலயே கோடாலி பண்ணி வெச்சிருந்தாங்களாமா. அந்த மாதிரி கல்லு ஆருட்டயாச்சும் இருந்தாக் கொண்டாந்து குடுங்க.”

என் மாமா, அம்மாவின் தம்பி, மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தவர். ஃபேக்டரியில் வேலை. வாய் சும்மா இருக்காது.

“கல்லுக் கோடாலில எதைங்க வெட்டுவாங்க, தயிரையா?”

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் மறுநாள் பங்களாவின் பின்வாசலுக்குக் கல் வராத வீடு குறைவு. உடைந்த அம்மிக்குழவி, படிக்கல், ஆற்றுக்கல். ஒருவர் வாய் போன உரலையே உருட்டிக்கொண்டு போனார். துரை ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, தலையாட்டிச் சுவரோரமாக வைத்தாராம். உரலுக்கும் தலையாட்டினாராம்.

ஆளைக் குறைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு அந்த வாரத்தில்தான் வந்தது. குறைத்தால் வேலை மட்டும் போகாது, லைன் வீடும் போய்விடும். கீழே சத்தியமங்கலத்துப் பக்கம் எங்களுக்கு ஊர் என்று ஒரு பேர் இருந்தது, அவ்வளவுதான். அங்கே நிலமும் இல்லை, கூரையும் இல்லை. அம்மா பாத்திரங்களை எண்ணெயும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எடுத்துக்கொண்டு போகத்தான் தேய்க்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. விசேஷம் வருகிறது என்று நினைத்தேன்.

ஒருநாள் மாமா எங்கள் வீட்டில் உட்கார்ந்து வரக்காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் பொன்னாத்தாவை மடியில் போட்டுத் தூங்கவைத்துக்கொண்டிருந்தேன். மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

“மச்சான், இங்க பாருங்க. ஊரே உரலத் தூக்கிட்டு ஓடுது. உங்கூட்டுல கோடாலி தொட்டல்ல தூங்குது.”

அப்பா பார்த்தார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

“அந்த மனுசன் பெரிய துரையோட ஒரே மேசைல சாப்படறவருங்க மச்சான். இதக் கொண்டுபோய்க் குடுங்க. ஒரு வார்த்தை சொன்னாருன்னாப் போதும், உங்களை ஆரும் அசைக்க மாட்டாங்க. கூடவே எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுவாரு.”

“புள்ள வெளையாடறதப் புடுங்கறதா?” என்றார் அப்பா.

“ஊடே போனா எங்க வெச்சு வெளையாடுவா?” என்றாள் அம்மா. அப்புறம் என் பக்கம் திரும்பி, குரலை மாற்றி, “அம்முணி, அப்பாகிட்டக் குடு கண்ணு” என்றாள்.

மாட்டேன் என்று எனக்குச் சொல்ல வராது. கொடுத்துவிட்டேன். துணியோடுதான் கொடுத்தேன், குளிருமே என்று.

அப்பா துணியைப் பிரித்து, கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழ் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து இழுத்தார். பொக்கைகள் விரலில் தட்டின. அவர் முகம் சுருங்கியது.

“இப்படியே குடுக்கறதா? மொண்ணையாக் கெடக்குது” என்றார்.

மறுநாள் சங்கு ஊதவில்லை. அப்பா தண்ணீர்க் குழாயடியில் தீட்டுக்கல்லைப் போட்டு உட்கார்ந்தார். மணலைத் தூவி, தண்ணீரை விட்டு, பொன்னாத்தாவை அழுத்திப் பிடித்துத் தீட்டத் தொடங்கினார். இரும்பு மாதிரி அது உடனே இணங்கவில்லை. அவரும் விடவில்லை. கல்லிலிருந்து சாம்பல் நிறத்தில் பால் மாதிரி வழிந்து ஓடியது. வேலை இல்லாத ஆண்களெல்லாம் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கொஞ்சம் சாய்த்துப் பிடி என்றார் ஒருவர். அந்தப் பக்கம் இன்னும் ஏறவில்லை என்றார் இன்னொருவர். ரொம்ப நாளைக்கப்புறம் லைனில் ஆண்கள் ஒரு வேலையைப் பற்றிப் பேசினார்கள். அப்பாவின் முகத்தில் கவாத்துக் காலத்துக் களை வந்திருந்தது.

நான் குழாயடித் தொட்டிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கண் அழிந்தது. அப்புறம் சரிகை போனது. பாவாடை குட்டையாகிக்கொண்டே வந்தது. சாயங்காலம் அப்பா கல்லைத் துடைத்து, முன்னங்கையில் ஓட்டிப் பார்த்தார். ரோமம் விழுந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் வீட்டுக்குள் போய்க் கம்பளிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

அப்பா, மாமா, நான் மூன்று பேரும் பங்களாவுக்குப் போனோம். கல்லைக் கண்டெடுத்த பிள்ளை என்று என்னையும் தலைவாரி அனுப்பியிருந்தாள் அம்மா. பின்பக்கத்து வராந்தாவில் துரை இருந்தார். மேசை மேல் பஞ்சு பரப்பி, அதன்மேல் சின்னச் சின்னக் கற்கள். எல்லாம் உடைந்ததும் மூளியுமாக இருந்தன. ரைட்டர் பக்கத்தில் நின்றார்.

அப்பா துணியிலிருந்து தலைப்பக்கத்தை மட்டும் வெளியே காட்டினார். துரை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பிறந்த குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். மேலிருந்து கீழே மெதுவாகத் தடவிக்கொண்டு வந்தார். அந்த விரல் கீழ் ஓரத்துக்கு வந்ததும் நின்றது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ரைட்டரிடம் ஏதோ கேட்டார்.

“இத ஆரு தீட்டுனதுன்னு கேக்கறாரு.”

“நானுங்க” என்றார் அப்பா. சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார். “ரோமம் விழுகுமுங்க. வேணும்னா ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க.”

ரைட்டர் சொன்னார். துரை ஓட்டிப் பார்க்கவில்லை. அப்பா மாமாவைத் திரும்பிப் பார்த்தார். ஓட்டிப் பார்க்காமலே வாங்கிக்கொள்கிறார் என்று அவருக்கு அவ்வளவு நிறைவு.

ஆனால் நான் துரையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மெல்ல உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. கட்டைவிரல் அந்த ஓரத்திலேயே போய்ப் போய் வந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை, சரிகை போய்விட்டது இவருக்கும் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்றுதான் விளங்கவில்லை. நான் அவர் பக்கமாகக் கையை நீட்டிவிட்டேன் போலிருக்கிறது. அவர் என்னைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். மறுபடியும் ரைட்டரிடம் ஏதோ கேட்டார்.

“இதுக்குப் பேரு என்னன்னு கேக்கறாரு.”

எனக்கு வாய் வரவில்லை. அப்பாதான் சொன்னார்.

“கல்லுங்க.”

துரை அந்தத் துணியிலேயே பொன்னாத்தாவைச் சுற்றி என் கையில் கொடுத்தார். என் தலையில் கை வைத்தார். இங்கிலீஷில் என்னவோ சொன்னார். ரைட்டர் அதைச் சொல்லவில்லை. “போங்க, அவ்வளவுதான்” என்றார்.

திரும்பி வரும்போது அப்பா முன்னால் போனார். தோளில் என்னைத் தூக்கிக்கொள்ளவில்லை.

“வாங்கிட்டுத் திருப்பிக் குடுத்தா என்னங்க அர்த்தம் மச்சான்?” என்று மாமா கேட்டார். அப்பா நடையை எட்டிப் போட்டார். எனக்கோ உள்ளுக்குள் துள்ளல். பொன்னாத்தா வந்துவிட்டாள். குட்டைப் பாவாடையாக இருந்தால் இருக்கட்டும். என் சந்தோஷத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பது மட்டும் ஏனோ தெரிந்திருந்தது.

“இவ மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு நின்னுருப்பா. அதப் பாத்துட்டுக் குடுத்துருப்பாரு” என்றாள் அம்மா. அதைச் சொல்லிச் சொல்லியே அந்த மாசம் போனது. நாங்கள் எதற்காகக் கல்லைக் கொண்டுபோனோம் என்று துரையிடம் யாரும் சொல்லவே இல்லை என்பது அவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. கல்லைக் கொடுத்தால் தானாகவே தெரிந்துவிடும் என்று இருந்திருக்கிறார்கள்.

ஆள் குறைப்பு வந்தது. மாமாவின் பேர் வந்தது. அப்பாவின் பேர் வரவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. கொழுந்து எடுக்காத காட்டையெல்லாம் கவாத்து செய்யப்போகிறார்கள், ஆள் வேண்டும் என்று ரைட்டர் சொன்னார். கல்லுத் துரை போகும்போது சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று அப்பா நம்பினார். மாரியம்மன்தான் என்றாள் அம்மா. எனக்கும் ஒரு காரணம் இருந்தது. பொன்னாத்தாவைப் பிடுங்கச் சொன்னது மாமா, அது துரைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, அதனால்தான் மாமாவைக் கீழே அனுப்புகிறார். இதை நினைத்து எனக்குக் காய்ச்சலே வந்தது.

லாரியில் சாமான் ஏற்றினபிறகு மாமா என் கன்னத்தைக் கிள்ளினார்.

“அம்முணி, எனக்கும் ஒரு பொன்னாத்தாளைக் கண்டுபுடிச்சு வெய்யி. வந்து வாங்கிக்கறேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அத்தை சிரிக்கவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க நான் கானைக் கானாகக் குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தேன். அட்டை கடித்ததுதான் மிச்சம். மாமாவும் வரவில்லை.

ரொம்ப வருஷம் கழித்து, மகனோடு சென்னைக்குப் போனபோது அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனான். கண்ணாடிக்குள் பொன்னாத்தாக்கள் வரிசையாக நின்றார்கள். எல்லாருக்கும் சரிகை இருந்தது. மரத்தை வெட்டி வெட்டி விழுந்த பொக்கை அதெல்லாம் என்று அங்கிருந்த அட்டையை மகன் எழுத்துக்கூட்டாமலே படித்துச் சொன்னான். அவன் படித்தவன். எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவன் வேலை செய்த அடையாளம். அதைத்தான் என் அப்பா ஒரு பகலில் தேய்த்து எடுத்திருக்கிறார். துரையின் முகம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. காலம் கடந்து விளங்கி என்ன.

அப்பா போனபோது அவருடையது என்று வீட்டில் ஒன்றும் இல்லை. கத்தி ஆபீசுக்குப் போனது, வீடு எஸ்டேட்டுடையது, போட்டோ எடுத்ததில்லை. பொன்னாத்தா மட்டும் இருக்கிறாள். சாயங்காலம் கையில் எடுத்தால் இப்போதும் முதலில் ஜில்லென்றுதான் இருக்கிறாள். மேலே பாதி யார் செய்தது என்று தெரியாது. கீழே அந்த ஓரம் என் அப்பா செய்தது. இன்றைக்கும் மழுங்கவில்லை, விரலைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். குழாயடியில் அன்று அது உண்டாகிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன். சரிகை போகிறதே என்றுதான் அழுதேன்.