பேருந்து நிலையத்தில் மீன் விற்றவள்

என் காதுக்கு மருந்து போட்ட செவிலியர்தான் அந்த இடத்தைச் சொன்னார். எப்படி அடிபட்டது என்று கேட்டதற்குக் கதவு இடித்துவிட்டது என்றேன். அவர் என் கன்னத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"கதவுக்கு அஞ்சு வெரலு இருக்கும்போலருக்கே."

பிறகு இராமநாதபுரம் கடைத்தெருவில் ஒரு தையல்கடைக்கு அடையாளம் சொன்னார். "சனிக்கிழம மத்தியானம் மாடிக்குப் போங்க. உங்களமாரி கதவு இடிச்ச பொம்பளைகதான் அங்கன இருப்பாக. டீ நல்லாருக்கும்."

அவர் சொன்னதில் டீயைப் பற்றியது மட்டும்தான் பொய்.

கடையும் மாடியும் ஒரு கீழக்கரை அக்காவுக்குச் சொந்தம். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். அங்கே வரும் எல்லாப் பெண்களுக்கும் அவர் லாத்தாதான். தையலில் கெட்டிக்காரர், டீத்தூளுக்கு மட்டும் எமன்.

எல்லோரும் அழுதுகொண்டிருப்பார்கள் என்று நினைத்து நான் கைக்குட்டையோடு போயிருந்தேன். படியேறும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. தப்பான மாடிக்கு வந்துவிட்டோமோ என்று திரும்பப் பார்த்தேன். உள்ளே பாயில் ஏழெட்டுப் பெண்கள். நடுவில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தவள் உப்பூர்க்காரி, தெருத்தெருவாக மொபெட் வண்டியில் மீன் விற்பவள். அவள் புருசன் முடியைப் பிடித்து இழுத்துத்தான் அடிப்பானாம். ஒருநாள் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதாகச் சொல்லி மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றாளாம்.

"கைய ஓங்கிக்கிட்டு வாரான், புடிக்க ஒண்ணுமில்ல. வழுக்குப்பாற கணக்கா இருக்கு. அப்புடியே முழிச்சிக்கிட்டு நிக்கிறான்!"

பாயில் உருண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். லாத்தா எழுந்து, இப்போது கழுத்துவரை வளர்ந்திருந்த அவள் முடியை ஒருமுறை தடவிவிட்டு, டீ ஊற்றப் போனார்.

நான் பேச ஆரம்பித்தபோது யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் குரல் போயிருந்தது. என் வீட்டுக்காரருக்கு அடிப்பதில் கூச்சம் கிடையாது, அக்கம்பக்கத்துக்குக் கேட்பதில்தான் கூச்சம். "சத்தம் வெளிய வரக்கூடாது" என்பார். தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு அழப் பழகினேன். பழகப் பழக, கடைக்காரரிடம் உப்பு கேட்பதற்குக்கூடக் குரல் எழும்பவில்லை.

"அவரு கோவத்துல..." என்று தொடங்கினேன்.

"எவரு? கலெக்டரா?" என்றாள் உப்பூர்க்காரி. "கைய ஓங்குறவனுக்கு என்னடி மருவாதி? அவன்னு சொல்லு."

வாய் வரவில்லை. "விடு, எனக்கும் லேசுல வரல," என்றார் லாத்தா.

அதன்பிறகு சனிக்கிழமைகளுக்காக ஏங்கத் தொடங்கினேன். அங்கே யாரும் எனக்கு அறிவுரை சொல்லவில்லை, கேலிதான் செய்தார்கள். என் வீட்டில் என்னைப் பார்த்து யாரும் கேலி செய்து எவ்வளவோ காலமாகியிருந்தது. ஒரு காலையில் அவர் வேலைக்குக் கிளம்பியதும் மாற்றுச் சேலைகளைப் பையில் திணித்துக்கொண்டு நேராகத் தையல்கடைக்கு வந்துவிட்டேன். லாத்தா பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சட்டப் பொத்தானுக்குக் காஜா எடுக்கத் தெரியுமா?"

"தெரியாது லாத்தா."

"அப்ப கத்துக்கலாம். சாப்ட்டியா?"

கடைக்குப் பின்னாலிருந்த அறை என் வீடாயிற்று.

சில நாட்களில் உப்பூர்க்காரி வாசலில் வண்டியை நிறுத்தினாள். "எனக்குத் தொண்ட கட்டிருச்சு. பின்னாடி ஒக்காந்து நீ கூவு," என்றாள். தொண்டை கட்டியதைத் தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். நான் கமுதிப் பக்கம் மிளகாய்க் காட்டில் வளர்ந்தவள். மீன் என்றால் குழம்பில் கிடப்பது என்பதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது. இருந்தாலும் ஏறி உட்கார்ந்து, "மீனே" என்றேன்.

"யாருக்குடி சொல்ற, மீனுக்கா? அது செத்துப்போச்சு. வீட்டுக்குள்ள இருக்கவுகளுக்குக் கேக்கணும். வயித்துலருந்து கூவு."

அன்றைக்கு என் குரலுக்கு வந்த ஒரே வாடிக்கை ஒரு பூனை. ஆனாலும் அவள் என்னை விடவில்லை, தினமும் காலையில் வந்து நின்றாள். ஒருநாள் எப்படியோ குரல் உடைந்து எழும்பியது. ஒரு மாடி வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "என்ன மீனு?" என்று கேட்டார். நகரையா, சூடையா, எனக்கெங்கே தெரியும்?

"செத்த மீனுங்க," என்றேன்.

உப்பூர்க்காரி சிரித்த சிரிப்பில் வண்டி சாய்ந்து, நாங்கள் இருவரும் பெட்டியோடு சாக்கடையில் விழப் பார்த்தோம்.

இப்படி இருக்கும்போதுதான் அவர் என்னைக் கண்டுபிடித்தார். லாத்தா சொன்ன துணிக்கட்டை வாங்கிக்கொண்டு பேருந்து நிலையம் வழியாக வந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. திரும்பிப் பார்க்காமலே யார் என்று தெரிந்துவிட்டது.

"வீட்டுக்கு நட. சத்தம் போடாத."

கால்கள் அவர் இழுத்த பக்கம் நடக்கத் தொடங்கின. விடு என்று கத்த நினைத்தேன், காப்பாத்துங்க என்று கத்த நினைத்தேன். வாயைத் திறந்தபோது, என் தொண்டைக்குப் பழகியிருந்த ஒரே சொல்தான் வந்தது.

"மீனேய்! மீனோய்! மீனேய்ய்ய்!"

மதுரை வண்டி நடத்துநர் ஊதப்போன விசிலை வாயிலிருந்து எடுத்தார். பழக்கடைக்காரர்கள் திரும்பினார்கள். கூடையோடு நின்ற ஒரு அம்மா, "என்ன மீனு தாயி?" என்று கிட்டத்தில் வந்தார். நிலையமே எங்களைப் பார்த்தது. என் மணிக்கட்டில் இருந்த பிடி தளர்ந்தது. நாலு பேர் பார்க்க எதையும் செய்து அவருக்குப் பழக்கமில்லை.

அடுத்த சொல் தானாகவே வந்தது. "கைய விடுடா."

அந்த 'டா' எங்கிருந்து வந்ததோ! ஆட்டோக்காரர் ஒருவர், "ஏலே, என்னலே பண்ற?" என்று இறங்கி வந்தார். அவன் கையை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டான். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கூடைக்கார அம்மா தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, நான் தேறியதும் கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டார்: "அப்ப மீனு இல்லையா?"

மகளிர் காவல் நிலையத்துக்கு மாடிப் பெண்கள் எல்லோரும் ஒரே ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துப் போனோம். எப்படிச் சத்தம் போட்டீர்கள் என்று அதிகாரி கேட்டபோது எனக்கு வெட்கம் வந்துவிட்டது. உப்பூர்க்காரி முன்னால் வந்து கூவியே காட்டினாள். பக்கத்து அறையிலிருந்து இரண்டு காவலர்கள் ஓடி வந்தார்கள். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு புகாரை முழுதாக எழுதிக்கொண்டார். வழக்கு இன்னும் நடக்கிறது. அன்று அடிபட்ட இடது காதுக்குக் கேட்கும் சக்தி திரும்பவேயில்லை. ஆனால் அவன் தையல்கடைத் தெருப் பக்கம் வருவதில்லை. மாடியில் என் பெயர் போய், "மீனு" என்றாகிவிட்டது.

என்னைப் பெற்ற அய்யா வந்தது அதற்கப்புறம். "அனுசரிச்சுப் போத்தா" என்று ஊருக்கு ஓடிப்போன ஒவ்வொரு முறையும் என்னை அவனிடமே திருப்பி அனுப்பியவர். ஒரு சனிக்கிழமை மிளகாய் வத்தல் மூட்டையோடு படியேறி வந்து, வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்கய்யா, கடிக்க மாட்டோம்," என்றாள் உப்பூர்க்காரி.

"இல்லத்தா, பொம்பளைக பேசுற எடம்..."

"ஆம்பளைகளப் பத்தித்தான் பேசுறோம். நீங்க இருந்தா நல்லதுதான்."

துண்டை மடியில் போட்டுக்கொண்டு பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். "நாந்தான் போ போன்னு அனுப்புனேன்," என்றார் யாரையும் பார்க்காமல். "எம்புள்ளய நீங்க வச்சுப் பாத்துருக்கீக." அதைக் கேட்டு யாரும் கேலி செய்யவில்லை. லாத்தா வத்தலில் ஒன்றை ஒடித்து முகர்ந்துவிட்டு, "நல்ல சரக்குய்யா," என்றார். அய்யாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

மாலையில் கமுதி வண்டியில் ஏற்றிவிடப் போனேன்.

"ஊருக்கு வாரியாத்தா?"

"பொங்கலுக்கு வாரேன். மறுநாளே திரும்பணும்ய்யா, தைக்க நெறையக் கெடக்கு."

சரியென்று தலையாட்டி ஏறிக்கொண்டார். வண்டி நகர்ந்ததும் சன்னலில் தலையை நீட்டி, "வாரப்ப அவுகளையும் கூட்டியா," என்றார். உப்பூர்க்காரியை எங்கள் ஊர் தாங்குமா என்று தெரியவில்லை. அவளோ அன்றைக்கே எந்தச் சேலை கட்டிக்கொண்டு போவது என்று லாத்தாவிடம் சண்டையைத் தொடங்கிவிட்டாள்.