தேவையற்ற பகுதி நீக்கம்

போன வாரம் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்தார்கள். கட்டற்ற மென்பொருளுக்கு ஒரு குழு தொடங்குகிறார்களாம். “அண்ணே, நீங்கல்லாம் அந்தக் காலத்துலயே செஞ்சவங்க. மெயிலிங் லிஸ்ட் வச்சுக்கலாமா, இல்ல கேள்வி-பதில் சைட்டே போட்டுறலாமா?” என்று கேட்டார்கள். அந்தக் காலமாம்! எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. “யோசிச்சுச் சொல்றேன்” என்று அனுப்பிவிட்டேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, சொல்கிறேன்.

அவர்கள் போனதும் ஒரு போர்டுக்கு ஈயம் வைக்க உட்கார்ந்தேன். ஈயம் உருகும் அந்தப் புகை மூக்கில் ஏறினால் எனக்கு எங்கள் மடற்குழு, அதான் அந்த மெயிலிங் லிஸ்ட், ஞாபகம் வந்துவிடும். காலையில் கடையைத் திறந்ததும் சால்டரிங் அயர்னைச் சுவிட்ச் போட்டுவிட்டு, அது சூடேறுவதற்குள் மெயில் பார்ப்பது அப்போது என் வழக்கம். ஒருவர் எழுதினால் குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் வரும். கேள்வி ஒரு வரிதான் இருக்கும், கடிதம் ஒரு முழத்துக்கு இருக்கும். விராலிமலைக்காரர் ஒருவர் துபாயில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். தமிழ் விசைப்பலகையில் ஏதோ சந்தேகம் கேட்க வருவார். அதற்கு முன்னால், ஊரில் கடலைக்கொல்லையில் மயில் இறங்கி அத்தனையையும் கொத்திவிட்டது என்று வீட்டிலிருந்து போன் வந்த கதையை எழுதிவிடுவார். விசைப்பலகைக்கு ஒருவர் பதில் சொன்னால் மயிலுக்கு நாலு பேர் யோசனை சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் குழுவில்தான் ஸ்டெல்லா அக்கா இருந்தார். கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் கணினி ஆசிரியை. சின்னப் பிள்ளைகள் படம் வரையவும் கணக்குப் போட்டுப் பார்க்கவும் வெளிநாட்டுக்காரர்கள் செய்த ஒரு மென்பொருள் உண்டு. அதில் வரும் ஒவ்வொரு சொல்லையும் தமிழில் எழுதி, அந்தக் கோப்பைக் கட்டிக் காத்தவர் அவர்தான். புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் புதிதாகச் சேர்ந்த சொற்களுக்குத் தமிழ் தரவேண்டும். தராவிட்டால் அந்த மொழியையே தூக்கிவிடுவார்கள். அக்கா ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. தப்பாகச் செய்ததை அழிக்கும் ‘அன்டூ’ பொத்தானுக்கு என்ன போடலாம் என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, வகுப்பில் கேட்டாராம். “வேணாம்னு போடுங்க டீச்சர்” என்றிருக்கிறது ஒரு பிள்ளை. அதையே போட்டார். இன்றுவரை அதைவிட நல்ல சொல் எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி-பதில் தளத்துக்குப் போகலாம் என்று பிடித்த பிடியில் நின்றது நான்தான். என் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அச்சு எடுத்தால் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறதே என்று மாதம் ஒருவர் கேட்பார். மாதம் ஒருமுறை அதே பதிலை எழுதி என் கை தேய்ந்தது. தளத்தில் ஒரு தடவை எழுதினால் போதும். நல்ல பதில் ஓட்டு வாங்கி மேலே நிற்கும், தேடினால் கிடைக்கும். புதுக்கோட்டையில் ஒரு வகுப்பறையை இரவல் வாங்கிக் கூட்டம் போட்டோம். எல்லோரும் தலையாட்ட, ஸ்டெல்லா அக்கா மட்டும் எழுந்தார்.

“கேள்வி கேக்கத் தெரிஞ்சவுகளுக்கு அது சரிதான் தம்பி. பாதிப் பேருக்கு என்ன கேக்குறதுன்னே தெரியாது. நாலு வார்த்த பேசிக்கிட்டிருக்கையிலதான் அது வெளிய வரும்.”

“அதுக்குத்தான் போன் இருக்கே அக்கா” என்றேன். சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவிட்டு, “சரி, எல்லாரும் போற எடத்துக்கு நானும் வாரேன்” என்று கையைத் தூக்கினார்.

தளம் ஓடத் தொடங்கியது. வணக்கம் கூடாது, நன்றி கூடாது, ஊர்க்கதை கூடாது, கேள்வி மட்டும் இருக்கவேண்டும் என்று விதி எழுதியவன் நான். அடுத்தவர் கேள்வியில் இருக்கும் கழிவை வெட்டித் திருத்தினால் இரண்டு புள்ளி. ஆத்தாடி, அந்தப் புள்ளிக்கு நான் அலைந்த அலைச்சல்! டீ ஆறிப்போகும்வரை வெட்டிக்கொண்டிருப்பேன். காரணம் எழுதும் கட்டத்தில் ‘தேவையற்ற பகுதி நீக்கம்’ என்று போடுவேன். பட்டம் வாங்கினதுபோல மிதப்பு. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

ஒருநாள் ஸ்டெல்லா அக்காவின் கேள்வி வந்தது. மொழிபெயர்ப்புக் கோப்பின் பொறுப்பை இன்னொருவர் பெயருக்கு மாற்றுவது எப்படி? அதற்குக் கீழே வழக்கம்போல நாலைந்து வரி. முதல் வரியில் முந்திரி பூத்திருக்கிறது என்று இருந்ததைப் பார்த்தேன். அதற்குமேல் படிக்கவில்லை. அப்படியே வெட்டினேன். இரண்டு புள்ளி. சற்று நேரத்தில் யாரோ வந்து, எந்தப் பக்கத்துக்குப் போய் எதை அழுத்தவேண்டும் என்று சுத்தமாகப் பதில் எழுதினார். நானும் அதற்கு ஓட்டுப் போட்டேன். கேட்டதற்குப் பதில் கிடைத்தாயிற்று, கேள்வி முடிந்தது.

அடுத்த பதிப்பு வந்தபோது மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. அக்காவா தவறவிட்டார்? தளத்தில் அவர் கடைசியாக எழுதியது எது என்று தேடிப் போனேன். அந்தக் கேள்விதான் நின்றது. திருத்த வரலாற்றை அழுத்தினால் வெட்டியது சிவப்பில் தெரியும். அழுத்தினேன்.

“எல்லாரும் நலமா? இங்கே முந்திரி பூத்திருக்கிறது. எனக்குக் கண்ணில் ஆபரேசன் என்று சொல்லிவிட்டார்கள். இனிமேல் கம்ப்யூட்டர் பார்க்கவே கூடாதாம். யாராவது இந்தக் கோப்பை வாங்கிக்கொண்டால் நிம்மதியாகப் போய்ப் படுப்பேன்.”

கடையைப் பூட்டிவிட்டு கந்தர்வக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். வீட்டு வாசலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆபரேசனுக்குப் பிறகும் ஒரு கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம். இன்னொன்றில் ஆள் நிழலாகத் தெரிகிறதாம். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

“புதுக்கோட்டத் தம்பியா? வாங்க, வாங்க. இங்கிட்டு வந்து ஒக்காருங்க.”

அந்தக் கேள்வியை வெட்டியது நான்தான் என்றேன்.

“தெரியும் தம்பி. மெயில் வந்துச்சுல்ல, ஒங்க பேரு போட்டு. தேவையற்ற பகுதி நீக்கம்னு. அப்பக் கண்ணு கொஞ்சம் தெரிஞ்சுச்சு, நானே படிச்சேன். நீங்க படிச்சுப் பாத்துட்டுத்தான் எடுத்திருக்கீங்க, யாருக்கும் தோது இல்ல போலன்னு நெனச்சுக்கிட்டேன். திரும்பக் கேக்கச் சங்கடமா இருந்துச்சு, விட்டுட்டேன்.”

“நான் படிக்கவே இல்லக்கா.”

அக்கா கையில் இருந்த முந்தானையை மடித்து மடித்துப் பிரித்தார்.

“நீங்க படிச்சேன்னே சொல்லியிருக்கலாம் தம்பி” என்றார்.

அழுதுவிட்டேன். அவர் காப்பி போட ஆள் கூப்பிட்டார். அப்புறம் பேச்சு பள்ளிக்கூடம், மழை என்று வேறெங்கோ போனது.

நானும் இன்னும் இரண்டு பேரும் அந்தக் கோப்பை எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தோம். சொற்கள் எக்கச்சக்கமாகச் சேர்ந்துவிட்டன, அக்காவின் கை எங்களுக்கு வரவில்லை, முடிக்கவில்லை. தளத்துக்கு ஆள் வரத்து குறைந்து, அதுவும் மூடிப்போயிற்று. மடற்குழுவின் பழைய கடிதங்கள் இருந்த சர்வரை யாரும் புதுப்பிக்காததால், மயில் கதையெல்லாம் அதோடு போயிற்று. அக்கா இருந்த பள்ளிக்குப் போன மாதம் பிரிண்டர் பார்க்கப் போனேன். கணினி அறையில் ஒரு பெண்பிள்ளை யானை வரைந்துகொண்டிருந்தது. தும்பிக்கை கோணிப்போயிற்று. அழிக்க எதை அழுத்துவது என்று தெரியாமல் ஆங்கிலத்தில் இருந்த பொத்தான்களில் நாலைந்தை அழுத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் யானையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டது.